‘சப்பர் தாத்தா’ எந்தப் படையில் இருந்தார்?

வாசகர் கேள்வி: நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் தந்தையின் தந்தையைத் தோட்டத்தில் எல்லோரும் ‘சப்பர் தாத்தா’ என்றே அழைத்தார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குச் சப்பரம் கட்டிக் கொடுப்பவர் என்பதால் வந்த பெயர் என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். அவர் உலகப் போரில் பொறியாளர் படையில் இருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. வட ஆற்காட்டுக்காரரான அவர் 1947-இல் இங்கே பாட்டியை மணந்து, தோட்டத்தில் தச்சராக இருந்து, 1979-இல் காலமானார். பாட்டி காராய்க்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1941-இல் காராய்ப் பாலத்துக்கு வெடி வைத்தவர் தாத்தாதான் என்றும், பிறகு ஜப்பான்காரனிடம் பிடிபட்டுச் சயாம் ரயில் பாதையில் பாலம் கட்டினார் என்றும் பாட்டி சொல்வதுண்டு. அவர் நேதாஜி படையில் இருந்தார் என்று பெரியப்பா அடித்துச் சொல்கிறார். எங்களிடம் ‘பர்மா’ என்ற சொல் பொறித்த நட்சத்திரப் பதக்கம் ஒன்றும், வட்டப் பதக்கம் ஒன்றும், பாலத்தின் முன் ஐந்து பேர் நிற்கும் படமும், கறையான் அரித்த தாளின் பாதியும் இருக்கின்றன. அந்தத் தாளில் ‘பெங்களூர்’, ‘தச்சர்’ என்ற இரண்டு சொற்கள்தாம் படிக்க முடிகிறது. அவருடைய சேவையை எங்கே தேடுவது? சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள போர் நினைவகத்தில் அவர் பெயர் இருக்குமா? லண்டனிலிருந்து அவருடைய கோப்பை எடுத்துத் தருவதாக ஒருவர் 1,500 ரிங்கிட் கேட்கிறார், கொடுக்கலாமா? (பாட்டியின் அப்பா சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. பாட்டியின் அண்ணன் ஒருவரும் நேதாஜி கூட்டத்துக்குப் போனவராம். இதுவும் உதவுமா என்று தெரியவில்லை.)

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பணம் சம்பந்தப்பட்டது. கொடுக்காதீர்கள். பழைய இந்தியத் தரைப்படையில் சாதாரணச் சிப்பாய்களாக இருந்தவர்களின் தனிக்கோப்புகள் லண்டனுக்குப் போகவில்லை. அங்குள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகத் தொகுப்பில் அதிகாரிகளின் கோப்புகள் இருக்கின்றன. கியூ என்னும் இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. இவை பிறகு நமக்குப் பயன்படும் என்றாலும், உங்கள் தாத்தாவின் பெயரில் ஒரு கோப்பு அங்கே காத்திருப்பதாக ஒருவர் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரியும்.

உங்கள் தாத்தாவைப் பற்றிய தாள் எங்காவது மிஞ்சியிருந்தால் அது பெரும்பாலும் பெங்களூரில்தான் இருக்கும். ‘சப்பர்’ என்பது பொறியாளர் படையின் கடைநிலைச் சிப்பாய்க்குரிய பதவிப் பெயர். பிரிட்டிஷ் இந்தியாவில் இப்படி மூன்று படைகள் இருந்தன: ரூர்க்கியைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள சப்பர்கள், புனேக்கு அருகே கிர்க்கியில் இருந்த பம்பாய் சப்பர்கள், பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சப்பர்கள். 1780-இல் மெட்ராஸ் பயனியர்களாகத் தொடங்கிய இந்த மூன்றாவது படை, விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கி ‘கியூ.வி.ஓ. மெட்ராஸ் சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ என்று வழங்கப்பட்டது. இன்று அது மெட்ராஸ் எஞ்ஜினியர் குரூப். தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் என்று தென்னிந்தியர்களே நிறைந்த படை என்பதால் அதன் வீரர்களுக்குத் ‘தம்பி’ என்ற செல்லப்பெயர் இன்றைக்கும் இந்திய ராணுவத்தில் வழங்குகிறது. வட ஆற்காட்டுத் தச்சர் ஒருவரின் தாளில் ‘பெங்களூர்’ என்ற சொல் மிஞ்சியிருப்பது இந்தப் படையை நோக்கியே விரல் நீட்டுகிறது. சப்பரம் கட்டியவர் சப்பராகவும் இருந்தது, உங்களைப் போன்ற குழந்தைகளைக் குழப்புவதற்கென்றே நேர்ந்த பொருத்தம் போலிருக்கிறது.

ஆனால் சுட்டுவது வேறு, நிரூபிப்பது வேறு. நிரூபிக்கக்கூடிய பொருள் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. போரில் சேவை செய்தவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு வழங்கிய நட்சத்திரங்களிலும் பதக்கங்களிலும், பிரிட்டனைச் சேர்ந்த வீரர்களுக்குப் பெயர் பொறிக்கவில்லை. இந்திய வீரர்களுக்கு அனுப்பியவற்றில் பொறித்தார்கள். நட்சத்திரத்தின் முன்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிடும் குடும்பங்களே அதிகம். பின்புறம் வழுவழுப்பாக வெறுமையாக இருப்பது போலத் தோன்றும். அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி விளக்கைப் பதக்கத்தின் விளிம்போடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து, பதக்கத்தை மெல்லத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் எழுத்துகள் நிழல் விழுந்து எழும்பும். முதலில் எண், அடுத்து பதவியின் சுருக்கம், பிறகு பெயர், கடைசியில் படையின் சுருக்கம் என்ற வரிசையில் இருக்கும். வட்டப் பதக்கமாக இருந்தால் பின்புறத்தில் தேடாமல், நாணயத்தின் ஓரத்தைப் பார்ப்பது போல அதன் கனத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். படைச் சுருக்கம் ‘ஐ.இ.’ (இந்தியன் எஞ்ஜினியர்ஸ்) என்றோ ‘எஸ். அண்ட் எம்.’ (சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்) என்றோ இருந்தால் அவர் பொறியாளர் படைக்காரர். ‘ஐ.பி.சி.’ என்றிருந்தால் அது இந்தியப் பயனியர் கோர். சாலையும் ஓடுதளமும் அமைத்த உழைப்பாளர் படை. அவர்களும் கடினமான வேலையே செய்தார்கள் என்றாலும் சப்பர்கள் அல்லர், அவர்களின் ஆவணங்களும் சப்பர்களின் ஆவணப் பிரிவில் இருக்காது.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பல், எலுமிச்சை, கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷ் எதுவும் வேண்டாம். தீபாவளிக்குத் தீபாவளி குத்துவிளக்கோடு சேர்த்துத் துலக்கப்பட்ட ஒரு பதக்கம் என்னிடம் வந்தது. எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்தக் குடும்பத்துக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நட்சத்திரத்தின் முன்புறமும் பேசுகிறது. ‘பர்மா’ என்ற சொல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பர்மா ஸ்டார் என்பது 1941 டிசம்பர் 11 தொடங்கி 1945 செப்டம்பர் 2 வரையிலான பர்மாப் போர்முனைக்கு உரியது. 1941 டிசம்பர் 8 முதல் சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரி 15 வரை மலாயாவில் போரிட்டவர்களுக்கு உரியது பசிபிக் ஸ்டார். இரண்டுக்கும் தகுதியுள்ளவருக்கு இரண்டு நட்சத்திரங்கள் தரமாட்டார்கள். முதலில் ஈட்டியதைக் கொடுத்து, இரண்டாவதன் பெயர் பொறித்த சிறிய உலோகப் பட்டையை அதன் ரிப்பனில் சேர்ப்பார்கள். ஆகவே 1941 டிசம்பரில் உங்கள் தாத்தா காராய்ப் பாலத்தில் வெடி வைத்துக்கொண்டிருந்தவராக இருந்தால், உங்கள் கையில் இருக்க வேண்டியது பசிபிக் ஸ்டார். இருப்பது வேறு நட்சத்திரம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். ஐந்து பேருக்கும் பின்னால் இருக்கும் பாலத்தின் பக்கச் சுவர், ஒரே அளவான இரும்புச் சட்டங்களை வரிசையாகக் கோத்தது. ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் கோலப்புள்ளியைச் சுற்றி இழுத்தது போலச் சாய்சதுரங்கள் தெரிகின்றன. இது பெய்லி பாலம். ஒரு சட்டம் 10 அடி நீளமும் ஏறத்தாழ 5 அடி உயரமும் உள்ளது. எடை 570 ராத்தலுக்குச் சற்று மேல், அதாவது 260 கிலோ. அதை ஆறு பேர், இருவருக்கு ஒரு கழியாக மூன்று கழிகளைக் கொடுத்துத் தூக்கிச் சென்று, முன்னதோடு பொருத்தி, ஆணியைச் செருகுவார்கள். கிரேன் வேண்டாம் என்பதே அதன் சிறப்பு. இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர் கையில் ஊன்றியிருக்கும் குட்டைத் தடியை நீங்கள் உலக்கை என்று எழுதியிருக்கிறீர்கள்; அது அந்தத் தூக்குக் கழியாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. படத்தில் ஐவர் இருக்கிறார்கள் என்றால், ஆறாமவர் ஒருவேளை கேமராவைப் பிடித்திருக்கலாம்.

இந்தப் பாலம் பிரிட்டனில் உருவாகிப் போர்முனைக்கு வந்ததே 1942-இன் பிற்பகுதியில்தான். மலாயாப் போரில் அது இல்லை. பர்மாவில் இருந்தது, 1944 டிசம்பரில் கலேவா என்ற இடத்தில் சிந்துவின் ஆற்றின் குறுக்கே 1,154 அடி நீளத்துக்கு மிதவைகளின் மேல் ஒரு பெய்லி பாலம் போட்டார்கள், அந்நாளில் உலகிலேயே நீளமானது அது. உங்கள் படம் கலேவாவில் எடுத்தது என்று நான் சொல்லவில்லை, அப்படி எழுதியும் வைத்துவிடாதீர்கள். போருக்குப் பிறகு மலாயாவிலும் பெய்லி பாலங்கள் போடப்பட்டன என்பதால் படம் தனியாக எதையும் முடிவு செய்யாது. அதோடு, 1948 ஜூனில் உங்கள் ஊர்ப்பக்கத்து எஸ்டேட்டுகளில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் பிறந்தபோது, தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைச் சேர்த்தார்கள். காக்கிச் சட்டையும் துப்பாக்கியுமாக அவர்கள் எடுத்துக்கொண்ட படங்களை ‘உலகப் போர்ப் படம்’ என்று கொண்டு வருகிறவர்கள் உண்டு. உங்கள் படத்தில் அந்த ஐயம் குறைவு. ஒரு பக்க விளிம்பை மடித்துவிட்ட அகன்ற தொப்பியும், மரத்தடியில் அடுக்கியிருக்கும் சட்டங்களும், நட்சத்திரத்தில் உள்ள சொல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. படம் ஆல்பத்தில் கஞ்சிப் பசையால் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். ஒட்டாமல் இருந்தால் பின்புறத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்.

இனி வீட்டில் வழங்கும் கதைகளுக்கு வருகிறேன். இங்கே சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் பாட்டி பொய் சொன்னார் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

காராயில் பேராக் ஆற்றைக் கடக்கும் விக்டோரியா ரயில் பாலம் 1900-இல் திறக்கப்பட்டது. செங்கல் தூண்களின் மேல் நிற்கும் அந்தப் பாலத்தை 1941 டிசம்பரில் தெற்கே பின்வாங்கிய பிரிட்டிஷ் படை, ஜப்பானியரைத் தாமதப்படுத்துவதற்காகத் தகர்க்க முயன்று சேதப்படுத்தியது உண்மை. அதே நாள்களில் கோலகங்சாரின் இஸ்கந்தர் சாலைப் பாலமும் தகர்க்கப்பட்டது. கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நின்று போரிட்டுவிட்டு மேலும் பின்வாங்கிய படை, ஜனவரி 7 அன்று சிலிம் ரீவரில் பாலத்தைத் தகர்ப்பதற்குள் ஜப்பானிய டாங்கிகள் அதைக் கைப்பற்றிக் கடந்துவிட்டதால் சிதறிப்போயிற்று. இந்த நடவடிக்கைகளிலெல்லாம் இந்திய சப்பர்கள் இருந்தார்கள். காராய்த் தோட்டத்தில் வளர்ந்த ஒரு சிறுமி அந்த வெடிச்சத்தத்தைக் காதாரக் கேட்டிருப்பாள். சப்பர்கள் என்ற சொல்லையும் அப்போதே கேட்டிருப்பாள். ஆறாண்டுகள் கழித்துத் தாலி கட்டியவரும் ஒரு சப்பர் என்றால், பாலத்துக்கு வெடி வைத்தவரும் அவராகவே காலப்போக்கில் ஆகிவிடுவது வியப்பல்ல. தாத்தா அதை மறுக்காமல் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

சயாம் கதையும் அப்படித்தான். பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் 1942-க்கும் 1943-க்கும் இடையில் போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டு போனார்கள். அவர்கள் படைவீரர்கள் அல்லர். பெரட்டுக்களத்திலிருந்தும் லயத்திலிருந்தும் ஆசை காட்டியோ பிடித்தோ கொண்டு போகப்பட்ட பால்மரத் தொழிலாளர்கள். உங்கள் கடிதத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, பாட்டியின் அப்பா சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்று. அந்த வரியைத்தான் நான் மூன்று முறை படித்தேன். சயாம் கதைக்கு உரியவர் அவர். திரும்பி வராத தந்தையின் கதையையும், திரும்பி வந்து பாலம் போடத் தெரிந்திருந்த கணவரின் கதையையும் பாட்டியின் நினைவு ஒன்றாக முடிந்துவிட்டது.

பெரியப்பா சொல்வதையும் இதே கண்ணால் பாருங்கள். சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க் திடலில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானோர் நியூகினி, நியூ பிரிட்டன் போன்ற தீவுகளுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் தலைமை ஏற்ற பிறகு, தோட்டப்புறங்களிலிருந்து இதுவரை துப்பாக்கியைத் தொட்டறியாத இளைஞர்களும் பெண்களும் திரண்டு சேர்ந்தார்கள். பாட்டியின் அண்ணன் இவர்களில் ஒருவராக இருந்திருப்பார். போருக்குப் பிறகு, தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்த பழைய சிப்பாய்களை பிரிட்டிஷார் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள்; கறுப்பு என்று குறிக்கப்பட்டவர்கள் சம்பள பாக்கியை இழந்து வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். தாத்தாவின் பெயரும் எண்ணும் பொறித்த பர்மா ஸ்டார் அவர் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறதென்றால், அவர் அந்த வழியில் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெரியப்பாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடாதீர்கள். முதலில் அவர் சொல்வதையெல்லாம் குறுக்கிடாமல் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆவணத்தைக் காட்டிவிட்டால் அதற்குப் பிறகு அவர் ஆவணத்தைத்தான் நினைவுகூர்வார். ‘எந்த ரெஜிமெண்ட்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. தாத்தா எந்த ஆற்றைப் பற்றிப் பேசுவார், மழையில் எங்கே படுத்தார்களாம், தோலை மஞ்சளாக்கும் மலேரியா மாத்திரை தின்றதாகச் சொன்னதுண்டா என்று கேளுங்கள். மெப்பாக்ரின் என்ற அந்த மாத்திரை பர்மாப் போர்முனையில் தினசரி விழுங்க வேண்டிய ஒன்று. அதைப் பற்றி முணுமுணுக்காத பர்மாக்காரரை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் வட ஆற்காட்டுக்காரர் சுங்கை சிப்புட்டுக்கு எப்படி வந்தார்? 1930-களில் தோட்ட வேலைக்கு வந்தவர் என்று குடும்பத்தில் நம்புவதாக வேறோர் இடத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உதவி பெற்று வரும் தோட்டத் தொழிலாளர்களின் குடியேற்றத்தை இந்திய அரசு 1938-இல் நிறுத்திவிட்டது. அதற்கு முன் வந்தவர் என்றால் மீண்டும் ஊருக்குப் போய்ப் பெங்களூரில் படையில் சேர்ந்திருக்க வேண்டும், அதுவும் நடந்ததுண்டு. எனக்கு வலுவாகத் தோன்றுவது இன்னொன்று: 1945 செப்டம்பர் 9 அன்று மோரிப்பிலும் அதைத் தொடர்ந்து போர்ட் டிக்சனிலும் இந்தியப் படைப்பிரிவுகள் கரையிறங்கி மலாயாவைத் திரும்பப் பெற்றன, பர்மாவில் இருந்த படைகள் பல அதில் வந்தன. தகர்ந்த பாலங்களைச் செப்பனிடச் சப்பர்கள் வேண்டியிருந்தது. அப்படி வந்து இந்த ஊரைப் பார்த்துவிட்டு, படையிலிருந்து விடுபட்டதும் திரும்பி வந்திருக்கலாம். இது ஊகம்தான். இதைச் சரிபார்க்கத் தாத்தாவின் குடியுரிமை விண்ணப்பத்தைத் தேசியப் பதிவிலாகாவில் கேட்டுப் பாருங்கள். நாட்டுக்குள் எப்போது வந்தார் என்ற கேள்விக்கு அவரே சொன்ன பதில் அதில் இருக்கக்கூடும். உங்கள் அப்பா, பெரியப்பா இருவரின் பிறப்புப் பத்திரங்களில் தந்தையின் தொழில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். தொழிலாளர்களின் பெயரும் வேலைநாளும் பதிந்த தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்களை நம்பி அலைய வேண்டாம். தோட்டம் கைமாறும்போது எழுத்தரான கிராணியின் அலமாரி முதலில் காலியாகும்.

எண் கிடைத்தவுடன் பெங்களூரில் மெட்ராஸ் எஞ்ஜினியர் குரூப்பின் ஆவணப் பிரிவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுங்கள். உணர்ச்சி வேண்டாம், அரைப்பக்கம் போதும். எண், பதவி, பெயர், அவருடைய தந்தையின் பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். மாவட்டம் என்று வேலூரையோ திருவண்ணாமலையையோ எழுதாமல், அந்நாளைய வழக்கப்படி வட ஆற்காடு என்றே எழுத வேண்டும்; பதிவேட்டில் அப்படித்தான் இருக்கும். பெயரின் எழுத்துக்கூட்டலில் பிடிவாதம் காட்டாதீர்கள். ஆறுமுகம் என்பவர் ஒரு குமாஸ்தாவின் கையில் நடு எழுத்தை இழந்து ஆர்முகம் ஆகியிருப்பார், சாமி என்று முடியும் பெயர் ஸ்வாமி ஆகியிருக்கும். இங்கே அடையாள அட்டை எழுதியவர் இன்னொரு விதமாகக் கேட்டிருப்பார். தெரிந்த வடிவங்களையெல்லாம் ஒரே வரியில் தந்துவிடுங்கள். பதக்கத்தின் இரு புறப் படங்கள், தாத்தாவின் இறப்புப் பத்திரம், உங்கள் தந்தையின் பிறப்புப் பத்திரம், உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஓய்வூதியம் பெறும் அளவுக்குச் சேவை செய்யாதவர்களின் தனித்தாள்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் ‘லாங் ரோல்’ என்னும் நிரந்தரப் பேரேட்டில் உள்ள ஒற்றை வரியையாவது கேட்டுக் கடிதத்திலேயே எழுதுங்கள். சேர்ந்த நாள், விடுபட்ட நாள், ஊர், தொழில் ஆகியவை ஒரு வரியில் கிடைத்தாலும் அது பெரிய செல்வம்.

அந்தப் பதிவில் அவர் இருந்த கம்பெனியின் எண் இருந்தால், அப்போது லண்டனின் முறை வரும். கியூ காப்பகத்தில் ‘டபிள்யூ.ஓ. 172’ என்ற தொகுதி தென்கிழக்காசியப் படைகளின் போர் நாட்குறிப்புகளைக் கொண்டது. கம்பெனி எந்த நாளில் எந்த ஆற்றங்கரையில் இருந்தது, எத்தனை அடிப் பாலம் போட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். தாத்தாவின் பெயரை அதில் எதிர்பார்க்காதீர்கள். அதிகாரிகளைப் பெயரால் எழுதுவார்கள், சப்பர்களை எண்ணிக்கையால் எழுதுவார்கள். இதே மெட்ராஸ் சப்பர்களைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில் மற்றவர்களைக் காப்பதற்காகக் கண்ணிவெடியின் மேல் விழுந்து உயிர்விட்டதும், ஜார்ஜ் கிராஸ் பெற்றதும் பதிவாகியிருக்கின்றன. அந்த அளவுக்கு ஒன்று நடந்தால்தான் பெயர் ஏறும்.

கிராஞ்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே தாத்தாவின் பெயர் இருக்காது, இருக்கவும் கூடாது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை சேவையின் காரணமாக இறந்தவர்களையே நினைவுகூர்கிறது. கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவகத்தின் தூண்களில் இருக்கும் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அப்படிப்பட்டவர்களுடையவை. உங்கள் தாத்தா அதற்குப் பிறகு முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து சப்பரம் கட்டியவர். தாத்தாவின் பெயரே கொண்ட வேறொருவரை நீங்கள் அங்கே காணக்கூடும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், போரில் காணாமல் போன ஒருவரைத் தேடி வந்த குடும்பத்துக்கு, பெயரும் மாவட்டமும் ஒத்துப்போனதால் கிராஞ்சித் தூணில் ஒரு பெயரைக் காட்டிக் கொடுத்தேன். வேன் பிடித்துப் போய் மாலை சாற்றிக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்களுடைய வீட்டுத் தகரப்பெட்டியில் அவருடைய சம்பளப் புத்தகம் கிடைத்தது, எண் வேறு. அந்த வீட்டுக்குப் போய் நான் சொல்ல வேண்டியிருந்ததை இப்போதும் நினைக்க விரும்புவதில்லை. அன்றிலிருந்து எண் ஒத்துப்போகாமல் எந்தப் பெயரையும் யாருக்கும் நான் காட்டுவதில்லை.

பாட்டியின் அப்பாவைத் தேடுவது தனி வேலை, இதைவிடக் கடினமானது. சயாமுக்குப் போன தோட்டத் தொழிலாளர்களுக்குப் படை எண் கிடையாது. பெரும்பாலோரின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவும் இல்லை. அவருடைய பெயர், தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், போன மாதம், கூடப் போனவர்களில் திரும்பி வந்தவர் யார் என்பவற்றைப் பெரியப்பாவைப் பதிவு செய்யும்போதே கேட்டு ஒரு தனித்தாளில் எழுதி வையுங்கள். தாத்தாவின் கோப்பில் அதைச் சேர்க்க வேண்டாம். நேதாஜி படைக்குப் போன பாட்டியின் அண்ணனுக்கும் ஒரு தனித்தாள் போடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நட்சத்திரத்தின் பின்புறத்தைப் படித்து எனக்கு எழுதுங்கள். ஏதேனும் ஓர் இலக்கம் தெளிவாக இல்லையென்றால் ஊகித்து நிரப்பாதீர்கள். ‘3 அல்லது 8’ என்றே எழுதி அனுப்புங்கள்.